ஷட்டர் இறங்கும் முன் ஆலப்புழை

டிசம்பரும் ஜனவரியும்தான் சீஸன் என்கின்றன விளம்பரங்கள். வானத்தைப் பார்த்துச் சொன்னால் அது சரி. தண்ணீரைப் பார்த்துச் சொன்னால் பதில் வேறு.

சேர்த்தலை பக்கத்திலிருந்து வைக்கம் போகும் பஸ், தண்ணீர்முக்கம் என்ற இடத்தில் வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே சுமார் 1.4 கிலோமீட்டர் தூரம் ஓடுகிறது. வெளியூர்க்காரர்கள் அதைப் பாலம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது தடுப்பணை. சாலைக்குக் கீழே 90 ஷட்டர்கள் இருக்கின்றன. டிசம்பர் நடுவில் இவற்றை இறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இறங்கியதும், கொச்சி முகத்துவாரம் வழியாகத் தெற்கு நோக்கி ஏறி வரும் கடல்நீர் அங்கேயே நின்றுவிடுகிறது. அணைக்குத் தெற்கே இருக்கும் காயலும், குட்டநாட்டு வாய்க்கால்களும், ஆலப்புழை நகரைச் சுற்றியுள்ள நீர்வழிகளும் அடுத்த சில மாதங்களுக்குக் குளம் போலத் தேங்கிக் கிடக்கின்றன. ஏறக்குறைய அதே வாரத்தில்தான் ஆலப்புழையில் ஹவுஸ்போட் கட்டணம் ஏறத் தொடங்குகிறது.

இரண்டுக்கும் ஒன்றோடொன்று தொடர்பு கிடையாது. ஷட்டரை இறக்குவது நெல்லுக்காக. கட்டணம் ஏறுவது கிறிஸ்துமஸ் விடுமுறைக்காக. ஆனால் ஆலப்புழைக்கு எப்போது போகலாம் என்று யோசிப்பவர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. சுற்றுலாக் கையேடுகள் எல்லாம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்று ஒரே பதிலைச் சொல்கின்றன. மழை இல்லை, புழுக்கம் குறைவு, காலையில் மெல்லிய பனி. எதுவும் பொய்யில்லை. அவை சொல்லாமல் விடுவது தண்ணீரைப் பற்றி. தண்ணீரைப் பார்க்கத்தான் எல்லோரும் அங்கே போகிறார்கள்.

இந்த ஊர் பிறந்ததே மழைக்காலத்தின் தயவில். 1762ல், திருவிதாங்கூரைத் தர்மராஜா ஆண்டபோது, இங்கே துறைமுகம் திறக்கப்பட்டது. பின்னாளில் திவானாக உயர்ந்த ராஜா கேசவதாஸ் அதை வணிக நகரமாக வளர்த்தெடுத்தார். கட்ச், குஜராத் பகுதிகளிலிருந்து வணிகர்கள் வரவழைக்கப்பட்டார்கள். காயலையும் கடற்கரையையும் இணைக்க ஏறக்குறைய ஒரே போக்கில் இரண்டு கால்வாய்கள் வெட்டப்பட்டன: வாடைக்கால்வாய், கமர்ஷியல் கால்வாய். மலைநாட்டு மிளகும் ஏலமும் காயல் வழியே வள்ளங்களில் வந்து இந்தக் கால்வாய்களுக்குள் நுழைந்து கிட்டங்கி வாசலிலேயே இறங்கின. மேற்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் கடல் கொந்தளிக்கும். திறந்த துறைமுகங்கள் மூடிக்கொள்ளும். ஆலப்புழைக் கடலில் மட்டும் அப்போது சேற்றுத் திட்டு திரண்டு அலையை அடக்கிவிடும். மற்ற இடங்களில் கப்பல் நெருங்க முடியாத மாதங்களிலும் இங்கே நங்கூரம் பாய்ச்ச முடிந்தது. ஊரின் உண்மையான சீஸன் ஒரு காலத்தில் ஜூனும் ஜூலையும்தான்.

1859ல் ஜேம்ஸ் டாரா என்ற வெள்ளைக்காரர் முதல் கயிற்றுத் தொழிற்சாலையை இங்கே தொடங்கினார். 1862ல் கலங்கரை விளக்கம் வந்தது. இந்த ஊரைக் கீழை நாடுகளின் வெனிஸ் என்று கர்ஸன் பிரபு சொன்னதாக வழக்கு. ஹோட்டல்காரர்கள் இன்றும் அதை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கொச்சித் துறைமுகம் ஆழப்படுத்தப்பட்ட பிறகு கப்பல்கள் அங்கே போய்விட்டன. மணலில் நிற்கும் இற்றுப்போன இரும்புத் தூண்கள்தான் பழைய கடல்பாலத்தின் மிச்சம். 2021 ஜனவரியில் பைபாஸ் திறந்த பிறகு, கொல்லத்துக்கும் கொச்சிக்கும் போகிறவர்கள் கடற்கரைக்கு மேலாகவே பறந்துவிடுகிறார்கள். ஹவுஸ்போட்டுக்கு வருகிறவர்களும் ஸ்டேஷனிலிருந்து நேரே படகேறும் இடத்துக்குத்தான் போகிறார்கள். முல்லைக்கல் கடைவீதி, இரும்புப்பாலம், குஜராத்திகள் வாழ்ந்த தெரு, கால்வாய்க் கரை மரநிழல் எதையும் பார்க்காமலேயே ஆலப்புழையைப் பார்த்துவிட்டதாகத் திரும்புகிறவர்கள் ஏராளம்.

தண்ணீரின் கணக்கைப் புரிந்துகொள்ளக் குட்டநாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். நகருக்குக் கிழக்கே விரியும் இந்தச் சமவெளியின் வயல்களில் பல கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றன. பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆறுகள் இறங்கி வந்து சேரும் கிண்ணம் இது. காயலில் சேற்றுக்கரை எழுப்பி, உள்ளே இருக்கும் தண்ணீரை இறைத்து வெளியேற்றி, அடித்தரையில் நெல் விதைக்கிறார்கள். உலக உணவு, விவசாய நிறுவனம் 2013ல் இதை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபு என்று அங்கீகரித்தது. கோடையில் ஆறுகளின் வரத்து குறைந்தால் உப்புநீர் ஏறி வந்து பயிரைக் கருக்கிவிடும். அதைத் தடுக்கத்தான் 1970களின் நடுவில் தண்ணீர்முக்கம் அணை வந்தது. அதற்கு முன்பே, வெள்ளத்தைக் கடலுக்குள் விட 1955ல் தோட்டப்பள்ளியில் மதகுகள் கட்டினார்கள். அதன் வழியாக, திட்டமிட்ட அளவு தண்ணீர் போகவில்லை என்பது ஊரறிந்த புகார்.

அணை நெல்லைக் காப்பாற்றியது. ஆனால் காயலின் மூச்சு அடைபட்டது. உப்புநீர் ஏறி இறங்கிய நாட்களில் ஆகாயத்தாமரை தானாகவே கருகும். உப்பு வராத தேங்கிய நீரில் அது பாய் விரித்தது போலப் பரவி வாய்க்கால்களை மூடிக்கொள்கிறது. காயலின் கக்கா சிப்பி இனம் பெருக உப்பு வேண்டும். ஆற்றுக்கொஞ்சு எனும் பெரிய நன்னீர் இறால் முட்டையிடுவதற்கு உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்துக்கு இறங்கிப் போக வேண்டும், குஞ்சுகள் மீண்டும் ஆற்றுப் பக்கம் ஏற வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஷட்டர். வயலில் தெளித்த பூச்சிமருந்தும், நகரக் கழிவும், நூற்றுக்கணக்கான ஹவுஸ்போட்டுகள் விடுவதும் எல்லாம் அதே தண்ணீரில். சுற்றிலும் நீர் இருந்தும் குட்டநாட்டின் பல கரைகளில் குடிக்கும் தண்ணீர் படகில்தான் வருகிறது.

அணையைத் திறக்கும் தேதி வரும்போது ஆண்டுதோறும் ஒரு சச்சரவு. மார்ச் நடுவில் திறக்க வேண்டும் என்பது தொடக்கத்தில் போட்ட கணக்கு. விதைப்பு தள்ளிப்போன வயல்களில் அறுவடை முடிந்திருக்காது. திறக்காதே என்பார்கள் விவசாயிகள். திற என்பார்கள் மீனவர்களும் கக்கா வாருகிறவர்களும். பெரும்பாலும் ஏப்ரல் வரை இழுத்துக்கொண்டு போகும். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது, இரு தரப்புக்கும் வயிறு இருக்கிறது. கரையில் ஒரே குடும்பத்தில் அண்ணன் வயலிலும் தம்பி வலையிலுமாக இருப்பதும் உண்டு.

ஆக, ஜனவரியில் வருகிற பயணி பார்ப்பது அழகான வானத்தையும் அசையாத தண்ணீரையும். படகின் மேல்தளத்தில் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்தால் குறையொன்றும் தெரியாது. பக்கத்தில் பார்த்தால் எண்ணெய்ப் படலமும் பிளாஸ்டிக்கும் தெரியும். ஹவுஸ்போட் எனப்படுவது ஒரு காலத்தில் நெல்லும் கொப்பரையும் சுமந்த கெட்டுவள்ளம். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைக் கட்டிச் செய்வதால் அந்தப் பெயர். லாரிகள் வந்து வேலை இழந்த இந்த வள்ளங்களுக்கு 1990களின் தொடக்கத்தில் மூங்கில் பாய்க் கூரை போட்டு, படுக்கை விரித்து மறுவாழ்வு கொடுத்தார்கள். இப்போது மூன்று அறை, ஏ.சி., மாடி என்று மிதக்கும் லாட்ஜுகளாகிவிட்டன. ஒரு விஷயத்தைப் பலரும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வதில்லை: மாலை ஐந்தரை மணிவாக்கில் ஹவுஸ்போட்டைக் கரையில் கட்டிவிடுவார்கள். அதன் பிறகு காயல் வலை விரிக்கிறவர்களுடையது. இரவெல்லாம் நிலவொளியில் மிதந்து போகலாம் என்று கனவு கண்டு வந்தவர்கள் ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில், பக்கத்துப் படகின் பாட்டைக் கேட்டுக்கொண்டு இரவைக் கழிக்க வேண்டியிருக்கும். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் அப்படிப் பக்கத்தில் நிற்கும் படகுகளின் வரிசை மிக நீளம்.

அந்த நெரிசலிலும் டிசம்பருக்கு என்று ஒரு சிறப்பு இருக்கிறது. அது தண்ணீரில் இல்லை, தெருவில் இருக்கிறது. மண்டல காலத்தின் கடைசி நாட்களில் முல்லைக்கல் பகவதி கோயிலில் சிறப்பு உற்சவம். சாலையின் இரு பக்கமும் வளையல், பொம்மை, கரும்பு, பொரி கடைகள். ஊர் முழுக்க மாலையில் அங்கேதான் நடந்துகொண்டிருக்கும். ஹவுஸ்போட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு நகரில் அறை எடுத்துத் தங்கி இதைப் பார்க்கிறவர் ஏமாற மாட்டார். குட்டநாட்டு வாத்துக்கறிக்காக வருகிறவர்கள் மட்டும் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. 2014 நவம்பரில் பறவைக் காய்ச்சல் வந்து லட்சக்கணக்கில் வாத்துகளை அழிக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகும் அது பல தடவை வந்துபோயிருக்கிறது.

பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை அறுவடை. வாய்க்காலில் போகும் படகிலிருந்து கீழே குனிந்து பார்த்தால் வயல் தெரியும் ஊர், இந்தியாவில் வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. பொன்னிறமாகக் கிடக்கும் வயலில் இயந்திரங்கள் இறங்கும். அறுத்து முடித்த தாளடியில் வாத்துக் கூட்டங்கள் இறங்கும். கரையில் நெல் குவியல் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தால் அது அழகுக்காக அல்ல. ஆலைக்காரர்கள் ஈரப்பதம் என்று எடையைக் கழித்துக்கொண்டு எடுப்பதற்காகக் காத்துக் கிடக்கிறது. கோடைமழை முந்திக்கொண்டால் ஒரு வருஷ உழைப்பு முளைவிட்டுவிடும். வெயில் ஏறிவிட்டாலும், குட்டநாட்டை அறிய விரும்புகிறவருக்கு இந்த மாதம் டிசம்பரைவிட மேல்.

பிறகு வருகிறது ஏப்ரல், மே. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் கிளம்பும் மாதங்கள் இவை. ஆலப்புழைக்கு இதைவிட மோசமான காலம் கிடையாது. வெப்பநிலை எண்ணில் பார்த்தால் மதுரையைவிடக் குறைவுதான். ஆனால் காற்றில் இருக்கும் ஈரம் சட்டையைப் பிழிய வைக்கும். நகரக் கால்வாய்கள் கறுத்து நாறும். அவற்றைச் சுத்தம் செய்யும் திட்டங்கள் பல வந்தன, கரைகளைச் சீர்படுத்தினார்கள். என்றாலும் கால்வாயை உண்மையிலேயே கழுவுவது மழைதான். விடுமுறையை மாற்ற முடியாதவர்கள் மூணாறு போய்விட்டு, ஆலப்புழையைக் காலாண்டு விடுமுறைக்கு ஒத்திவைப்பது புத்திசாலித்தனம்.

ஜூன் முதல் வாரத்தில் மழை இறங்கியதும் ஊரே வேறாகிவிடுகிறது. ஷட்டர்கள் மேலே இருக்கின்றன. கிழக்கிலிருந்து செம்மண் நிறத்தில் ஆறுகள் வந்து சேர்கின்றன. தேங்கியதெல்லாம் கடலுக்குப் போகிறது. மழை பெய்யும் காயலில் வானமும் நீரும் எங்கே பிரிகின்றன என்று தெரியாது. ஹவுஸ்போட் கட்டணம் கணிசமாக இறங்கும், பேரம் பேசலாம். விசைப்படகுகளுக்கு ஜூன் 9 நள்ளிரவிலிருந்து 52 நாள் தடை. ஆனால் புன்னப்புரா முதல் புறக்காடு வரையுள்ள கரையில் எங்காவது சாகரை கூடினால், அதாவது அந்தப் பழைய சேற்றுத் திட்டு திரண்டால், சின்ன வள்ளங்கள் நத்தோலியும் மத்தியும் இறாலுமாக வந்து குவியும். துறைமுகத்தை உண்டாக்கிய அதே சேறு இன்றும் அடுப்பெரிய வைக்கிறது. சுந்தர ராமசாமியின் தமிழில் தகழியின் 'செம்மீன்' படித்தவர்களுக்குப் புறக்காட்டுக் கடற்கரை புதிய இடமாக இருக்காது.

இந்த மழையை ரசிக்கச் சொல்லும்போது கொஞ்சம் கூச்சம் வேண்டியிருக்கிறது. பயணி படகின் கூரைக்குக் கீழே உட்கார்ந்து தேநீர் குடிக்கும் அதே மழையில், கரையில் இருப்பவர் வயல் வரப்பு தாங்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பார். சேற்றுக்கரை உடைந்து காயல் வயலுக்குள் பாய்வதை மடை வீழ்ச்சி என்கிறார்கள். ஒரு மடை விழுந்தால் அந்தப் பாடசேகரம் முழுவதும், அதன் கரையில் இருக்கும் வீடுகளும் மூழ்கும். 2018 ஜூலையில் ஒரு முறை குட்டநாடு மூழ்கி, தலைதூக்குவதற்குள் ஆகஸ்ட்டில் பெருவெள்ளம் வந்தது. ஏறக்குறைய மொத்தக் குட்டநாடும் காலி செய்யப்பட்டது. ஆலப்புழையிலிருந்து சங்ஙனாசேரி போகும் ஏ.சி. ரோடு தண்ணீருக்குள் போயிற்று. ஹவுஸ்போட்டுகளும் மீன்பிடி வள்ளங்களும்தான் மனிதர்களை ஏற்றி வந்தன. சாலையைப் பிறகு மேம்பாலங்களோடு உயர்த்திக் கட்டினார்கள். வீடுகளை யாரும் உயர்த்தித் தரவில்லை. மழைக்கு மழை மூழ்கி அலுத்துப்போய்க் கிழக்கே மேட்டுநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர்களின் பூட்டிய வீடுகளைப் படகிலிருந்தே பார்க்கலாம்.

எனவே மழைக்காலத்தில் வருகிறவர் கையில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு வர வேண்டும். வானிலை எச்சரிக்கை வந்தால் மாவட்ட நிர்வாகம் படகுகளை நிறுத்திவிடும். அதற்காகப் படகுக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. கரையில் தேங்கிய நீரில் வெறுங்காலோடு இறங்குவதும் வேண்டாம். எலிக்காய்ச்சல் இந்தப் பகுதியில் மழையோடு வரும் விருந்தாளி.

மழைக்காலத்தின் பெரிய கூட்டம் நேரு கோப்பைப் படகுப் போட்டிக்கு. கதை தொடங்கியது என்னவோ 1952 டிசம்பரில். நேருவின் வருகைக்காக நடத்திய போட்டியில் வென்ற நடுபாகம் சுண்டனில் அவர் உற்சாகத்தில் தாவி ஏறினார். டெல்லி திரும்பி வெள்ளிக் கோப்பை அனுப்பினார். பின்னர் புன்னமடக் காயலில் ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை என்று தேதி நிலைத்தது. அண்மைக்காலமாக அந்தத் தேதியை நம்பி ரயில் டிக்கெட் வாங்க முடியவில்லை. 2018ல் வெள்ளத்தால் நவம்பர் 10க்குப் போயிற்று. 2020, 2021ல் கொரோனாவால் நடக்கவேயில்லை. 2024ல் வயநாடு நிலச்சரிவுத் துக்கத்தில் செப்டம்பர் 28க்குத் தள்ளிப்போனது. 2025ல் ஆகஸ்ட் 30. நூறு பேருக்கு மேல் ஒரே தாளத்தில் துடுப்புப் போடுவதைப் பார்க்க வேண்டும் என்பவர் தேதி அறிவித்த பிறகே கிளம்ப வேண்டும். கூட்டம் பிடிக்காதவர்களுக்குச் சம்பக்குளம் இருக்கிறது. மிதுன மாதத்து மூல நட்சத்திரத்தில் பம்பை ஆற்றில் நடக்கும் அந்தப் போட்டி, கோயில் சடங்கோடு சேர்ந்தது, பழமையானது, பார்வையாளருக்கும் படகுக்கும் இடைவெளி குறைவு.

செப்டம்பரில் மழை ஓயும். வயல்கள் இன்னும் ஏரிகளாகவே கிடக்கும். எது காயல், எது வயல் என்று வரைபடம் வைத்திருப்பவருக்கும் புரியாது. அக்டோபரில் துலாவர்ஷம். காலையில் பளிச்சென்ற வெயில், பிற்பகலில் இடியும் மின்னலும். மேல்தளத்தில் நிற்பதற்கு ஏற்ற நேரமில்லை. இதற்கு நடுவே வயல்களில் மோட்டார் ஓட, பெட்டியும் பறையும் வைத்து நீரை இறைத்து, நவம்பரில் விதைத்து முடிப்பார்கள்.

மீதமிருப்பது நவம்பர் நடுவுக்கும் டிசம்பர் நடுவுக்கும் இடைப்பட்ட நாலு வாரம். யாரும் கேட்காமல் கிடக்கும் இந்த நாலு வாரம்தான் ஆலப்புழையின் நல்ல காலம். இடி ஓய்ந்திருக்கும். ஷட்டர்கள் இறங்கியிருக்காது. தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். வரப்புக்குக் கீழே முளைத்த நெல் பச்சை விட்டிருக்கும். முகம்மையிலிருந்து படகில் போனால் பாதிராமணல் தீவில் பறவைகள் வந்து சேரத் தொடங்கியிருக்கும். ஹவுஸ்போட்காரர்கள் இன்னும் டிசம்பர் விலையைச் சொல்ல ஆரம்பித்திருக்க மாட்டார்கள். இடைஞ்சல் இரண்டு உண்டு. ஒன்று புயல்: 2017 நவம்பர் கடைசியில் ஓக்கி வந்தது இந்த வாரங்களில்தான். மற்றொன்று சபரிமலை: கார்த்திகை பிறந்ததும் கேரளம் போகும் ரயில்களில் இடம் கிடைப்பது அபூர்வம். சென்னையிலிருந்தும் தன்பாத்திலிருந்தும் ஆலப்புழைக்கு நேரடி ரயில் இருக்கிறது, முன்பதிவை முந்திச் செய்தால் போதும்.

வந்து இறங்கியவர்கள் ஹவுஸ்போட்டுக்கு அவசரப்பட வேண்டியதில்லை. நகரின் படகுத்துறையிலிருந்து மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகுகள் காவாலம், நெடுமுடி என்று ஊர் ஊராகப் போகின்றன. டிக்கெட் சில பத்து ரூபாய்தான். பள்ளிப் பிள்ளைகள், மீன்கூடை, காஸ் சிலிண்டர், அரிசிச் சாக்கு எல்லாம் ஏறும். ஒவ்வொரு வீட்டுப் படித்துறையிலும் நிற்பது போல நின்று நின்று போகும். மழை வந்தால் பக்கவாட்டுத் தார்ப்பாயை இறக்கிவிடுவார்கள், வெளியே எதுவும் தெரியாது. நவம்பர் கடைசியில் அநேகமாக அதை இறக்க வேண்டி வராது.